தனியார் பள்ளிக்குள் போகும் அரசுப் பணம்: மானியம், 25 சதவீதம், வவுச்சர்

ஒரே தெருவில் மூன்று பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. அடுத்தது, நூறு வருடம் தாண்டிய, ஓர் அறக்கட்டளை நடத்தும் நிதியுதவி பெறும் பள்ளி. மூன்றாவது, மஞ்சள் வேனும் கழுத்துப் பட்டையுமாக மெட்ரிக் பள்ளி. மாநகராட்சிப் பள்ளிக்கு அரசு செலவழிப்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பள்ளியின் ஆசிரியர்களுக்கும் அரசுதான் சம்பளம் போடுகிறது என்பது பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மெட்ரிக் பள்ளியின் எல்.கே.ஜி.யில் நாலில் ஒரு குழந்தைக்கு அரசு கட்டணம் கட்ட முடியும் என்பது அந்தத் தெருவிலேயே பலருக்குத் தெரியாது. தெரியவரும்போது விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.

இந்த ஏற்பாடுகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். அரசின் பணம் எதோடு ஒட்டிக்கொண்டு பள்ளிக்குள் போகிறது? ஆசிரியரோடா, இருக்கையோடா, குழந்தையோடா? நிதியுதவிப் பள்ளியில் அது ஆசிரியரோடு போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் இருக்கையோடு போகிறது. வவுச்சர் என்று வெளிநாடுகளில் சொல்லப்படும் முறையில் குழந்தையோடு போகிறது. எங்கே ஒட்டுகிறதோ அதைப் பொறுத்துத்தான் பெற்றோருக்கு எவ்வளவு தேர்வுரிமை, பள்ளிக்கு எவ்வளவு லாப நட்டம் என்பதெல்லாம் அமைகிறது.

ஆசிரியரோடு ஒட்டிய பணம்

மூன்றில் பழையது இதுதான். 1854-ல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, எல்லாப் பள்ளிகளையும் அரசே நடத்த முடியாது, நடத்துகிறவர்களுக்கு மானியம் கொடுக்கலாம் என்றது. கிறித்தவ மிஷன்களும் சாதிச் சங்கங்களும் செல்வந்தர்களும் தொடங்கிய பள்ளிகள் அந்த வழியில் வளர்ந்தன. இன்றும் தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிதியுதவிப் பள்ளிகள் இருக்கின்றன.

இங்கே நிர்வாகம் தனியாருடையது. ஆசிரியரைப் பள்ளிச் செயலர் நியமிக்கிறார், கல்வித் துறை ஒப்புதல் தருகிறது, சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. எத்தனை பணியிடம் என்பதை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கை முடிவு செய்கிறது. தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர் என்பது அடிப்படைக் கணக்கு. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆகிவிடுவார். ஏப்ரல், மே வெயிலில் நிதியுதவிப் பள்ளி ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

பெற்றோர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 1991-92 கல்வியாண்டிலிருந்து தொடங்கப்பட்ட பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது. அதனால் ஒரே வளாகத்தில் தமிழ் வழிப் பிரிவு அரசு சம்பளத்திலும், ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியிலும் ஓடும். “கவர்ன்மென்ட் எய்டட்னு போர்டு இருக்கு, எதுக்கு ஃபீஸ்?” என்று சண்டை போடுவதற்கு முன், பிள்ளையைச் சேர்க்கும் பிரிவு மானியப் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இருக்கையோடு ஒட்டிய பணம்

25 சதவீத ஒதுக்கீட்டில் கிடைக்கும் இந்த இடத்தைத்தான், கல்வி உரிமை என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து, ‘ஆர்.டி.இ. சீட்’ என்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டிய விஷயம்.

2009-ஆம் ஆண்டின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12(1)(சி) பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளி தன் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை அக்கம்பக்கத்தில் வாழும் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அந்தக் குழந்தையிடம் கட்டணம் வாங்கக் கூடாது. தனியார் பள்ளிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. 2012 ஏப்ரலில் பிரிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2014 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. ஊரில் பெயர்பெற்ற கான்வென்ட் பள்ளி ஆர்.டி.இ. பட்டியலில் இல்லாததற்குக் காரணம் இதுவே. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அந்த 2014 தீர்ப்பின் மீதே சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வுக்குப் போக வேண்டும் என்று சொன்னது. ஆனால் மாற்றுத் தீர்ப்பு வரும்வரை பழையதுதான் நடைமுறை.

‘நுழைவு வகுப்பு’ என்ற சொல்லை இரண்டு முறை படிக்க வேண்டும். பள்ளி எல்.கே.ஜி.யில் தொடங்கினால் 25 சதவீதம் எல்.கே.ஜி.க்குத்தான். ஒன்றாம் வகுப்பில் தொடங்கும் பள்ளிக்கு மட்டும் ஒன்றாம் வகுப்பில். நம் ஊர் மெட்ரிக், நர்சரிப் பள்ளிகளில் அநேகமாக எல்லாமே எல்.கே.ஜி.யில் தொடங்குகிறவை. “அஞ்சு வயசாகட்டும், ஒண்ணாங்கிளாஸ்ல ஆர்.டி.இ.ல போட்டுக்கலாம்” என்று காத்திருக்கும் குடும்பம், வாய்ப்பு இரண்டு வருடம் முன்பே கடந்துபோனதை அப்போதுதான் அறிகிறது. எல்.கே.ஜி.க்கு அந்த ஆண்டு ஜூலை 31 அன்று மூன்று வயது நிரம்பி நான்கு தாண்டாமல் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு என்றால் ஐந்து நிரம்பி ஆறு தாண்டாமல். ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தாலும் இணையதளம் ஏற்காது.

அடுத்தது தகுதி. தமிழ்நாட்டு விதிகளில் இரண்டு வாசல்கள். ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு’ என்பதில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் வருகிறார்கள். ஆதரவற்ற குழந்தை, எச்.ஐ.வி. பாதித்த குழந்தை, திருநர் குழந்தை, தூய்மைப் பணியாளர் குழந்தை, மாற்றுத்திறன் குழந்தை ஆகியோரும் இதற்குள்தான். ‘நலிவடைந்த பிரிவு’ என்பது பெற்றோரின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள எந்தச் சாதிக் குடும்பமும். முதல் வாசலில் வருமான வரம்பு கிடையாது. தமிழ்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வாசலுக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். மாதம் லட்சம் சம்பாதிக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்புக் குடும்பமும் தகுதி பெறும், தினக்கூலிக் குடும்பமும் தகுதி பெறும், இருவர் பெயரும் ஒரே குலுக்கலில் விழும். ஏழைக்கான ஒதுக்கீடு என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது உறுத்தும், உறுத்த வேண்டியதும்தான். பாதுகாப்பு ஓரளவு இருக்கிறது: ஆதரவற்றோர், மாற்றுத்திறன் குழந்தை போன்ற சிறப்புப் பிரிவினருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை.

மூன்றாவது தூரம். தொடக்க வகுப்புக்கு அக்கம்பக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர். என் பார்வையில் இந்த ஏற்பாட்டிலேயே அதிகம் தீமை செய்வது இந்த ஒரு கிலோமீட்டர்தான். புறவழிச்சாலை ஓரம் பத்து ஏக்கரில் நிற்கும் பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் தென்னந்தோப்பும் பிளாட் போட்ட பொட்டலும்தான் இருக்கும். அதன் மாணவர்கள் பதினைந்து கிலோமீட்டரிலிருந்து வேனில் வருகிறார்கள். ஆர்.டி.இ. குழந்தைக்கு மட்டும் ஒரு கிலோமீட்டர் வேலி. நெருக்கமான குடியிருப்புக்குள் இருக்கும் சிறிய நர்சரிப் பள்ளியிலோ பத்து இடத்துக்கு ஐம்பது விண்ணப்பம் வரும்.

விண்ணப்பம் செய்வது

பள்ளிக்கல்வித் துறையின் ஆர்.டி.இ. சேர்க்கை இணையதளத்தில் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் திறக்கும். கட்டணம் இல்லை. பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, புகைப்படம் எல்லோருக்கும் வேண்டும். முதல் வாசலில் வருகிறவர்களுக்குச் சாதிச் சான்று, இரண்டாவதில் வருகிறவர்களுக்கு வருமானச் சான்று, சிறப்புப் பிரிவென்றால் அதற்கான சான்று. சாதிச் சான்று குழந்தையின் பெயரில் தயாராக இருப்பது நல்லது. சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு ஏறி இறங்குவதற்குள் கடைசித் தேதி வந்து நிற்கும். பிப்ரவரியிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும், குடியிருப்பதோ நகரத்தில் வாடகை வீடு. தூரக் கணக்கு முகவரியை வைத்து என்பதால் விண்ணப்பம் சரிபார்ப்பில் அடிபடும். முகவரியை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு, வரைபடத்தில் வீட்டைக் குறிக்கும் இடம். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்தில் தெருவின் நடுவில் எங்கேயோ குறித்துவிடுவார். 900 மீட்டரில் இருக்க வேண்டிய பள்ளி அப்போது 1,100 மீட்டருக்குப் போய்ப் பட்டியலிலேயே வராது. பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பெரிதாக்கி, சொந்த வீட்டுக் கூரைமேல் புள்ளி விழுந்ததா என்று பார்த்த பிறகு அடுத்த பக்கம் போகச் சொல்லுங்கள். ஒரு விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைக் குறிக்க இணையதளம் அனுமதிக்கிறது. எத்தனை அனுமதியோ அத்தனையும் குறிப்பது புத்திசாலித்தனம்.

இடங்களைவிட விண்ணப்பம் குறைவு என்றால் தகுதியுள்ள எல்லோருக்கும் இடம். அதிகம் என்றால், குறித்த நாளில் பள்ளி வளாகத்தில் கல்வித் துறை அலுவலர் முன்னிலையில் பெற்றோர் பார்க்கக் குலுக்கல். தேர்வானோர் பட்டியலும் காத்திருப்போர் பட்டியலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். காத்திருப்போர் பட்டியலை அலட்சியம் செய்ய வேண்டாம். இரண்டு பள்ளியில் இடம் கிடைத்தவர்கள் ஒன்றை விடுவார்கள். குழந்தைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல், தேர்வு என்று பள்ளி ஏதாவது வைத்தால் அது சட்டத்தின் 13-வது பிரிவை மீறுவது: முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை.

பள்ளிக்கு எவ்வளவு கிடைக்கிறது

சட்டத்தின் 12(2) பிரிவு சொல்வது இது. அரசு தன் பள்ளிகளில் ஒரு குழந்தைக்குச் செலவழிக்கும் தொகை, தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதுதான் பள்ளிக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. எனவே குழு நிர்ணயித்த தொகைதான் கணக்கில் வரும், பள்ளி ‘இதர’ தலைப்பில் வசூலிப்பது வராது.

எண் வைத்துப் பார்த்தால் உடனே புரியும். புரிவதற்காக, ஒரு குழந்தைக்கு அரசின் செலவு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 8,000 ரூபாய் உள்ள சிறிய பள்ளிக்கு 8,000 முழுதாகக் கிடைக்கிறது, நட்டமில்லை. 40,000 ரூபாய் வாங்கும் பள்ளிக்கு 12,000 மட்டும், குழந்தைக்கு 28,000 இழப்பு. அந்தப் பெரிய பள்ளியில் எல்.கே.ஜி. 80 பேர் என்றால் ஆர்.டி.இ. இடம் 20. எல்.கே.ஜி.யிலிருந்து எட்டு வரை பத்து வகுப்புகள், மொத்தம் 200 குழந்தைகள். ஆண்டு இழப்பு 56 லட்சம். இந்தத் தொகை மற்றப் பெற்றோர் தலையில் விழும், அல்லது நிர்வாகத்தின் பையிலிருந்து போகும். பெரிய பள்ளி ஆர்.டி.இ. விண்ணப்பத்தைக் கண்டு முகம் சுளிப்பதும், சிறிய பள்ளி தானே தெருவில் இறங்கி விண்ணப்பம் பிடிப்பதும் இதனால்தான்.

சிறிய பள்ளிக்கு வேறு தலைவலி. பணம் வருவது தாமதம். ஒரு கல்வியாண்டுக்கான தொகையை, சேர்க்கை விவரத்தை எமிஸ் என்னும் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் சரிபார்த்து, மாவட்ட அளவில் ஆய்வு செய்து, தனியார் பள்ளிகள் இயக்குநரகம் வழியாகப் பிற்பாடுதான் அனுப்புகிறார்கள். அடுத்த ஆண்டில் வந்தால் அதிர்ஷ்டம். நூறு ஆர்.டி.இ. குழந்தைகள் உள்ள பள்ளிக்கு 8 லட்சம் நிலுவை என்றால் ஜூன் மாதச் சம்பளமே இழுபறி. அந்தக் கோபம் பல இடங்களில் குழந்தையின் பெற்றோர்மேல் திரும்புகிறது: “கவர்ன்மென்ட் இன்னும் காசு தரல, நீங்க இப்ப கட்டுங்க, வந்ததும் திருப்பித் தர்றோம்.” இது சட்டப்படி செல்லாது. அரசுக்கும் பள்ளிக்கும் உள்ள பாக்கியில் குழந்தைக்குப் பங்கில்லை. அப்படிக் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், கட்டியிருந்தால் ரசீது வாங்குங்கள், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

பாக்கி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2025-26 சாட்சி. பள்ளிக் கல்விக்கான ‘சமக்ர சிக்‌ஷா’ திட்டத்தின் கீழ் செலவில் ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்பது ஏற்பாடு. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றியம் நிறுத்தியதாக மாநிலம் சொன்னது. 2025 ஏப்ரலில் ஆர்.டி.இ. சேர்க்கை திறக்கவே இல்லை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்றும், ஒன்றியத்திலிருந்து பணம் வரவில்லை என்பதை மாநிலம் காரணமாகச் சொல்ல முடியாது என்றும் கூறியது. ஒன்றியம் சுமார் 450 கோடி விடுவித்த பிறகு, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டதால், ஏற்கெனவே கட்டணம் கட்டிச் சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்து தகுதியானவர்களை ஒதுக்கீட்டில் கொண்டுவரும் நிலை. பணம் கட்டிச் சேர்க்க முடியாத குடும்பம் ஜூனிலேயே வேறு பள்ளிக்குப் போய்விட்டிருக்கும்.

‘இலவசம்’ என்பதில் என்னென்ன அடக்கம் என்பதும் சண்டைக்குரிய இடம். பாடநூல், சீருடை ஆகியவையும் குழந்தையின் உரிமையே என்பதும் அந்தச் செலவு அரசின் பொறுப்பு என்பதும் 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவரின் உத்தரவு. நடைமுறையில் பள்ளிகள் புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ், வேன் என்று ரசீது நீட்டுகின்றன. விருப்பப்பட்டு ஏறும் வேனுக்குக் கட்டணம் கேட்பது ஒன்று, வகுப்பில் உட்காரவே பணம் கேட்பது வேறு. சேரும் நாளிலேயே “இந்த வருடம் மொத்தம் என்னென்ன கட்ட வேண்டும்?” என்று தலைப்புவாரியாக எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் பேச எளிது.

இன்னொன்று, இந்த இடம் அந்தப் பள்ளிக்குச் சொந்தம். வீடு மாறி, மூன்றாம் வகுப்பில் வேறு தனியார் பள்ளிக்குப் போனால் சலுகை கூடவே வந்துவிடாது. புதிய பள்ளி முழுக் கட்டணம் கேட்கும்.

குழந்தையோடு ஒட்டிய பணம்

மேலே சொன்ன 25 சதவீத ஒதுக்கீட்டை வவுச்சர் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. வவுச்சரின் உயிரே குழந்தை போகும் இடமெல்லாம் பணமும் போவதில்தான் இருக்கிறது. பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1955-ல் முன்வைத்த யோசனை இது: அரசு பள்ளிகளுக்குத் தராமல் பெற்றோருக்குத் தொகை தரட்டும், அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். சிலி 1981-லும் சுவீடன் 1992-லும் நாடு முழுக்க இதன் ஒவ்வொரு வடிவத்தைக் கொண்டுவந்தன. வேறுபாடு ஒரு சிறு விதியில். சுவீடனில் வவுச்சர் தொகைக்கு மேல் பள்ளி பெற்றோரிடம் வாங்கக் கூடாது. சிலியில் பல ஆண்டுகள் மேல்தொகை வாங்க அனுமதி இருந்தது. வசதியுள்ளவர்கள் ஒரு பள்ளியிலும் இல்லாதவர்கள் வேறு பள்ளியிலுமாகப் பிரிந்ததால் 2015-ல் சட்டம் போட்டுப் படிப்படியாக நிறுத்தினார்கள். வவுச்சர் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, ‘மேல்தொகை உண்டா, மாணவரை வடிகட்டலாமா’ என்று கேட்டால் பாதி விவாதம் தீர்ந்துவிடும்.

நம் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2008 முதல் ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் முறையில் வவுச்சர் கொடுத்து நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள், பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும். தெலுங்கிலும் கணக்கிலும் தனியார் பள்ளிக் குழந்தைகள் அரசுப் பள்ளிக் குழந்தைகளைவிட முன்னேறவில்லை. இந்தியில் நன்றாக முன்னேறியிருந்தார்கள், அரசுப் பள்ளி அந்த வகுப்புகளில் இந்தி நடத்தவே இல்லை என்பதால். தனியார் பள்ளி தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கியது, ஒரு குழந்தைக்கு அது செய்த செலவும் அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவே. இரு தரப்பும் இந்த ஆய்வைத் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுவதில் ஆச்சரியமில்லை.

எட்டு முடிந்த பிறகு

ஆர்.டி.இ. சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதில் அதே பள்ளியில் தொடர்ந்தால் முழுக் கட்டணம். பத்து வருடம் ஒரே பள்ளியில் இருந்த பிள்ளையை மாற்ற மனம் வராமல் கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆர்.டி.இ. ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அதற்குத் தகுதியானவர்கள். கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. ஒன்பதையும் தனியார் பள்ளியிலேயே படித்துவிட்டுப் பத்தில் மாறினால் இரண்டும் போய்விடும்.

எனவே எட்டாம் வகுப்பு முடியும்போது மாற்றுச் சான்றிதழோடு, ‘12(1)(சி) பிரிவின் கீழ் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை படித்தார்’ என்று தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள சான்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எமிஸ் பதிவில் குழந்தையின் பெயருக்கு நேரே ஆர்.டி.இ. என்று இருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வருடம் கழித்துக் கலந்தாய்வுக்கு முந்தைய வாரம் போய்க் கேட்டால், பழைய தலைமையாசிரியர் இருக்க மாட்டார், சில சமயம் பள்ளியே இருக்காது.